போட்டிக்கு முதல் ஸ்டீல் பிஸ்டல்: கையைச் சுட்டுக்கொள்ளாமல் வாங்குவது எப்படி?

என் முதல் போட்டியில் ஒரு தோட்டாகூடச் சுடுவதற்கு முன்பே தோற்றுவிட்டேன். சோதனை மேசையில் இருந்த நடுவர் என் பிஸ்டலின் ட்ரிகரில் 2.27 கிலோ எடைக்கட்டியை மாட்டினார். குழல் வானத்தைப் பார்க்கும்படி மெதுவாகத் தூக்கினார். கட்டி மேசையை விட்டுக் கிளம்பவே இல்லை, அதற்குள் 'டக்'கென்று ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) விழுந்துவிட்டது. திரும்பவும் பார்த்தார், திரும்பவும் விழுந்தது. "புரொடக்‌ஷன்ல சுட முடியாது, ஓப்பனுக்கு மாத்திடறேன்" என்றார். இரண்டும் போட்டிப் பிரிவுகளின் பெயர். அன்று முழுக்க ரெட் டாட்டும் (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) காம்பன்சேட்டரும் (துள்ளலைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுவது) மாட்டிய துப்பாக்கிகளுக்கு நடுவே வெறும் இரும்பு சைட்டோடு சுட்டுக் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

தப்பு துப்பாக்கியில் இல்லை. "ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று சொல்லி விற்ற பழைய உரிமையாளர் ஸ்பிரிங்குகளை மாற்றியிருந்தார். நானும் அந்த வெண்ணெயில் மயங்கிவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று பேருக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கக் கூடவே அலைந்ததில் தெரிந்துகொண்டதை எல்லாம் சேர்த்து, வாங்க வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் பிரிவு, அப்புறம்தான் துப்பாக்கி

புதிதாக வருகிற எல்லோரும் "எந்தத் துப்பாக்கி நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் "எந்தப் பிரிவில் சுடப்போகிறேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே துப்பாக்கி ஒரு பிரிவில் ராஜாவாகவும் இன்னொரு பிரிவில் செல்லாக்காசாகவும் இருக்கும்.

ஓடிக்கொண்டே சுடும் நடைமுறைப் போட்டிகளில், அதாவது ஐ.பி.எஸ்.சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) விதிப்படி நடப்பவற்றில், குறைந்த செலவில் நுழைய ஏற்ற வாசல் புரொடக்‌ஷன் பிரிவுதான். அதன் முக்கிய நிபந்தனைகள் இவை. துப்பாக்கி ஐ.பி.எஸ்.சி வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். குழல் 127 மி.மீக்கு மேல் போகக் கூடாது. ட்ரிகரின் முதல் இழுப்பு 2.27 கிலோவாவது இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு இழுப்பும் 1.36 கிலோவாவது இருக்க வேண்டும். மேகசினில் 15 தோட்டாவுக்கு மேல் ஏற்றக் கூடாது. காம்பன்சேட்டர், ரெட் டாட் இரண்டுக்கும் இடமில்லை. தோட்டாவின் வலுவை வைத்து மேஜர், மைனர் என்று இரண்டு கணக்கு உண்டு. இங்கே எல்லோருக்கும் வலு குறைந்த மைனர் கணக்கில்தான் மதிப்பெண் என்பதால் 9 மி.மீ போதும். பெரிய தோட்டா வைத்திருப்பவருக்குத் தனிச் சலுகை கிடையாது.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. சில மாடல்கள் ஒரே பெயரில் இரண்டு வகையாக வரும். ஒன்று டபுள் ஆக்‌ஷன், அதாவது ஹேமர் கீழே இருக்கும்போது ட்ரிகரை இழுத்தால் ஹேமர் தானே பின்னால் போய் விழும். மற்றது சிங்கிள் ஆக்‌ஷன் மட்டும். செக் நாட்டுக் கம்பெனியான சி.இசட்டின் ஷாடோ 2-வுக்கு இந்த இரண்டாவது வகையும் உண்டு. ட்ரிகர் அருமையாக இருக்கும், கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் சிங்கிள் ஆக்‌ஷன் மட்டும் உள்ள துப்பாக்கிக்குப் புரொடக்‌ஷனில் அனுமதி இல்லை. பெட்டியில் எழுதியிருக்கும் முழு மாடல் பெயரையும் அங்கீகாரப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

1911 வகைத் துப்பாக்கி மேல் காதல் என்றால் கிளாசிக் பிரிவு இருக்கிறது. மேஜர் என்றால் மேகசினில் 8, மைனர் என்றால் 10. மேகசின் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டாண்டர்டு பிரிவில் மேஜர் மதிப்பெண் வேண்டுமானால் 10 மி.மீ விட்டமுள்ள குண்டு தேவை, அதாவது .40 தோட்டா. அதில் ஒவ்வொரு பயிற்சி நாளும் 9 மி.மீயை விட அதிகம் செலவாகும். முதல் துப்பாக்கிக்கு வேண்டாம் என்பேன்.

உங்கள் கிளப்பில் ஐ.டி.பி.ஏ (தற்காப்பு பாணிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) போட்டி மட்டும்தான் நடக்கிறது என்றால் எடை வரம்பை முதலில் பாருங்கள். கனமான போட்டித் துப்பாக்கிகள் அங்கே வாசலிலேயே நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து தாளில் குறி பார்த்துச் சுடும் ஐ.எஸ்.எஸ்.எஃப் போட்டி முற்றிலும் வேறு உலகம். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

விதிப் புத்தகத்தின் கடைசிப் பதிப்பை நீங்களே இறக்கிப் படியுங்கள். பிரிவுகளின் பின்னிணைப்பு சில பக்கங்கள்தான். "போன வருஷம் விட்டாங்களே" என்பது நடுவரிடம் எடுபடாது.

2. ஸ்டீல் உங்களுக்குத் தேவைதானா?

பிரேம் என்பது பிடியும் ட்ரிகரும் அடங்கிய கீழ்ப்பகுதி. மேலே முன்னும் பின்னும் ஓடுவது ஸ்லைடு. ஸ்லைடு எல்லாவற்றிலும் எஃகுதான். பிரேம்தான் பாலிமர், அலுமினியம், ஸ்டீல் என்று மாறும்.

ஸ்டீலின் பலன் எடையில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 124 கிரெய்ன் குண்டு சுமார் 8 கிராம். அது நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. வெடிமருந்து வாயுவின் பங்கை விட்டுவிட்டால், 700 கிராம் எடையுள்ள பாலிமர் பிஸ்டல் நொடிக்குக் கிட்டத்தட்ட 3.7 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். 1330 கிராம் எடையுள்ள ஷாடோ 2 அதே தோட்டாவுக்கு 1.9 மீட்டர் வேகத்தில்தான் உதைக்கும். உதை பாதியாகிறது. முன் சைட் குறியை விட்டு எகிறிப் போய்த் திரும்ப வரும் நேரமும் குறைகிறது. இரண்டாவது தோட்டாவை எவ்வளவு சீக்கிரம் அனுப்பலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த நேரம்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 1.3 கிலோவை நீட்டிய கையில் பிடித்து நாள் முழுக்கச் சுடுவது சின்ன விஷயம் இல்லை. முதல் மாதத்தில் என் முன்கை வலித்தது. ஒரு குறியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும்போது கனமான துப்பாக்கி குறியைத் தாண்டி ஓடும், அதை நிறுத்தப் பழக வேண்டும். மணிக்கட்டில் ஏற்கெனவே பிரச்சினை இருந்தாலோ, இதே துப்பாக்கியைப் போட்டி தவிர வேறு வேலைக்கும் வைத்துக்கொள்ள நினைத்தாலோ பாலிமரே நல்லது. நல்ல பாலிமர் பிஸ்டலோடு வந்து ஸ்டீல்காரர்களை ஓட ஓட விரட்டியவர்களை என் கிளப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

3. காகித வேலையை இன்றே தொடங்குங்கள்

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் ஆகும். காகிதத்துக்கு அதைவிட அதிகம் ஆகும். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கேட்கப்படும் காகிதங்களின் குடும்பம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, கிளப் உறுப்பினர் அட்டை, துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டகத்துக்கான ரசீது அல்லது படம். சில இடங்களில் கிளப்பில் சேர்ந்து குறிப்பிட்ட காலம் பயிற்சி வருகை காட்டினால்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே கிளப் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடுங்கள். நான் முதல் ஐந்தாறு வாரம் சோம்பேறித்தனமாகப் போடாமல் விட்டேன். அந்த வாரங்கள் எதுவும் கணக்கில் வரவில்லை.

கவனிக்க வேண்டியவை மூன்று.

மருத்துவச் சான்றுக்கும் காவல்துறைச் சான்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. எல்லாவற்றுக்கும் முதலில் இவற்றை வாங்கி வைத்தால், மற்றவை வந்து சேரும்போது இவை காலாவதி ஆகியிருக்கும். கடைசியில் வாங்குங்கள்.

வாங்கும் அனுமதியில் துப்பாக்கியின் வகையும் தோட்டாவின் அளவும் எழுதப்படும். விண்ணப்பத்தில் ஒன்றை எழுதிவிட்டுக் கடையில் வேறொன்றைப் பார்த்து மனம் மாறினால் திரும்ப முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். முதல் படியில் பிரிவை முடிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுமதி கைக்கு வரும் முன் முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். முன்பணம் கட்டாயம் என்றால், அனுமதி மறுக்கப்பட்டால் பணம் திரும்பும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை போதாது. தனியாரிடம் பழைய துப்பாக்கி வாங்கினாலும் உரிமம் வழங்கும் அலுவலகம் வழியாகத்தான் பெயர் மாற வேண்டும். "பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

4. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் துப்பாக்கிக்குப் போகக் கூடாது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த விளையாட்டுக்குச் சரியாகப் பொருந்தும். துப்பாக்கியோடு சேர்த்து வாங்கியே ஆக வேண்டியவை: ஹோல்ஸ்டர், உள்ளும் புறமுமாக இரட்டை பெல்ட், நான்கைந்து மேகசின் பைகள், மேகசின்கள், காது காப்பு, கண் காப்பு, பெட்டகம், சுத்தம் செய்யும் சாமான். உரிமக் கட்டணமும் கிளப் சந்தாவும் போட்டி நுழைவுக் கட்டணமும் தனி.

அதற்கு மேல் தோட்டா. வாரம் 150 சுடுவது அதிகமே இல்லை. வருஷத்துக்கு 7,800 ஆகிறது. உங்கள் பக்கம் ஒரு தோட்டா என்ன விலை என்று கேட்டு இந்த எண்ணால் பெருக்கிப் பாருங்கள். பலருக்கு அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் "விலை உயர்ந்த மாடலா, அடுத்த மாடலா" என்ற குழப்பம் தீர்கிறது. மொத்தப் பணத்தில் பாதிக்குள் துப்பாக்கி முடிய வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. மீதி இருந்தால்தான் முதல் வருஷம் சுடவே முடியும். மாதத்துக்கு ஐம்பது தோட்டா சுடுபவரின் கையில் இருக்கும் உயர்ந்த மாடலை விட, வாரம் இருநூறு சுடுபவரின் கையில் இருக்கும் பழைய மாடல் நன்றாகச் சுடும்.

5. எந்த மாடல்களைப் பார்ப்பது?

சி.இசட் 75 குடும்பம்தான் இந்த உலகின் அடித்தளம். ஸ்லைடு பிரேமுக்கு உள்ளே ஓடுவது இதன் அடையாளம். குழல் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்து உட்கார்ந்திருப்பதால் மேல்நோக்கிய துள்ளல் குறைகிறது. அதன் மறுபக்கம், வெளியே தெரியும் ஸ்லைடு குட்டையாக இருக்கிறது. வியர்த்த விரலால் பிடித்து இழுக்கும்போது வழுக்கும். கடையில் காய்ந்த கையோடு இழுத்துப் பார்த்தால் இது தெரியாது.

இந்தக் குடும்பத்தில் ஷாடோ 2-தான் எல்லோர் இடுப்பிலும் தெரிவது. அதற்கு முந்தைய எஸ்.பி-01 ஷாடோ சுமார் 1.2 கிலோ. இப்போது பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கிறது. பணம் இறுக்கமாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எடையில் கொஞ்சம் குறைவு, சுடுவதில் வித்தியாசம் கண்டுபிடிக்கப் புதியவருக்கு இரண்டு வருஷமாவது ஆகும்.

இத்தாலியின் தன்ஃபோலியோ இதே வடிவமைப்பிலிருந்து கிளைத்தது. ஸ்டாக் II, ஸ்டாக் III இரண்டும் புரொடக்‌ஷனுக்கானவை. சிலவற்றுக்குக் கடையிலிருந்து வந்தபடியே ட்ரிகர் கரடுமுரடாக இருக்கும், நல்ல துப்பாக்கி மெக்கானிக் கைபட்டால் பளிச்சென்று மாறிவிடும். அந்தக் கூலியையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். லிமிடெட் என்ற பெயரில் வருவது சிங்கிள் ஆக்‌ஷன், அது ஸ்டாண்டர்டுக்கு.

பெரெட்டா 92எக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் 1350 கிராம். நல்ல துப்பாக்கி, ஆனால் விலையில் மலிவு என்று சொல்ல மாட்டேன். ஹேமரே வெளியே இல்லாத ஸ்டிரைக்கர் வகையில் வால்தரின் கியூ5 மேட்ச் ஸ்டீல் பிரேமும், துருக்கியின் கானிக் தயாரிக்கும் ரைவல்-எஸ்ஸும் இருக்கின்றன. இவற்றில் முதல் இழுப்பும் பத்தாவது இழுப்பும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் புதியவர் பழகுவது எளிது. விலையை வைத்துப் பார்த்தால் கானிக்கைப் பட்டியலில் சேர்க்காமல் விடாதீர்கள்.

சி.இசட் 75-ஐப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள் பல நாடுகளில் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில மிக நன்றாகவே சுடும். வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இதன் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பிரேமோடு பிடித்து வைக்கும் ஊசி) நாளைக்கு உடைந்தால் எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும்? பதில் சொல்ல ஆளில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

6. கையில் பிடித்துப் பாருங்கள், முடிந்தால் சுட்டுப் பாருங்கள்

டபுள் ஆக்‌ஷனில் ஹேமர் கீழே இருக்கும்போது ட்ரிகர் நன்றாக முன்னால் நிற்கும். சின்னக் கை உள்ளவர்களுக்கு அங்கேதான் பிரச்சினை. விற்பவர் பெரும்பாலும் ஹேமரைப் பின்னால் இழுத்துவிட்டுக் கையில் தருவார். ட்ரிகர் பக்கத்தில் வந்திருக்கும், எல்லாம் இதமாக இருக்கும். நீங்கள் ஹேமரைக் கீழே இறக்கச் சொல்லி, அதன்பின் விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். விரலின் முதல் மடிப்பு வரையாவது ட்ரிகரில் படிய வேண்டும். எட்டவில்லை என்று பிடியையே சுற்றித் திருப்பிப் பிடித்தால் முதல் தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாக ஓடும். மெல்லிய பிடித்தகடுகள் மாட்டி ஓரளவு சரி செய்யலாம். அவை விதிக்குள் வருகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளப்பில் எவரிடமாவது கேட்டால் இரண்டு மேகசின் சுடத் தருவார்கள். தோட்டாவை நீங்கள் கொண்டு போங்கள். இந்த விளையாட்டுக்காரர்கள் தங்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள், கேட்டதும் மகிழ்ந்துபோவார்கள்.

7. பழைய துப்பாக்கியா? இருபது நிமிடம் செலவழியுங்கள்

ஸ்டீல் பிரேமின் பெரிய வசதி, அது பழையதாக வாங்கத் தகுந்தது என்பதுதான். தேய்வதெல்லாம் பெரும்பாலும் மாற்றக்கூடிய சின்னச் சாமான்கள். பார்க்கும் முறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதற்கும் முன்னால் மேகசினை எடுங்கள், ஸ்லைடை இழுத்துப் பூட்டுங்கள், தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். விற்பவர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் நீங்களும் பார்க்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்து சோதிக்கும் வீட்டு அறையிலேயே உண்மையான தோட்டாக்கள் இருக்கக் கூடாது.

அப்புறம் அனுமதி கேட்டுப் பிரித்துப் பாருங்கள். சி.இசட் வகையில் ஸ்லைடின் பின்பக்கமும் பிரேமின் பின்பக்கமும் சின்னக் கோடுகள் இருக்கும். இரண்டும் நேராக வரும்படி ஸ்லைடை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்லைடு ஸ்டாப் ஊசியை அழுத்தினால் கழன்று வரும். குழலை விளக்குக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். வட்டமாக நிழல் வளையம் தெரிந்தால் குழல் எப்போதோ உப்பியிருக்கிறது. அந்தத் துப்பாக்கி வேண்டாம். ஸ்லைடில் வெற்றுக்கூடு வெளியேறும் ஜன்னலின் மூலைகள், ஸ்லைடு ஸ்டாப் உட்காரும் வெட்டு, பிரேமில் தண்டவாளத்தின் முனைகள், ஸ்லைடு ஸ்டாப் ஊசியின் துளையைச் சுற்றி: இந்த இடங்களில் எண்ணெயைத் துடைத்துவிட்டு முடிபோன்ற விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடு கொஞ்சம் பக்கவாட்டில் ஆடுவது குறையே இல்லை. குழல் பூட்டிய நிலையில் அதன் பின்முனையைப் பெருவிரலால் அழுத்தும்போது கீழே அமுங்கினால்தான் கவலை.

திரும்ப மாட்டியபின் ஹேமரை இழுத்து வைத்துப் பின்னாலிருந்து பெருவிரலால் முன்னுக்குத் தள்ளுங்கள். விழக் கூடாது. சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்துங்கள், விடுங்கள், சேஃப்டியை எடுங்கள். அப்போதும் ஹேமர் அசையக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றில் தோற்றாலும் யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பென்சில் சோதனை வேடிக்கையானது, ஆனால் பயனுள்ளது. காலித் துப்பாக்கியின் குழலில் பென்சிலை ரப்பர் முனை கீழே போகும்படி விட்டு, குழலை மேலே நோக்கிப் பிடித்து ட்ரிகரை இழுங்கள். பென்சில் துள்ளி வெளியே பறந்தால் தோட்டாவைக் குத்தும் ஊசிக்கு வலு இருக்கிறது. சோம்பலாக எழும்பி உள்ளேயே விழுந்தால் ஹேமர் ஸ்பிரிங்கை மெலிதாக மாற்றியிருக்கிறார்கள். இந்தச் சோதனையை முன்பே செய்திருந்தால் நான் ஓப்பனில் போய் நின்றிருக்க மாட்டேன்.

கடைசியாக 2.27 கிலோவைத் தொங்கவிட்டுப் பாருங்கள். கம்பிக் கொக்கியும் அந்த அளவுக்குத் தண்ணீர் நிரப்பி எடைபோட்ட பாட்டிலும் போதும். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். நல்ல உரிமையாளர் ஒரு பொட்டலத்தில் போட்டு வைத்திருப்பார். அந்தப் பொட்டலம் இருக்கிற துப்பாக்கியை நான் கொஞ்சம் கூட விலை கொடுத்தே வாங்குவேன்.

8. மேகசினும் உதிரிகளும்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக் கூடாது. குறைந்தது ஐந்து மேகசின் வேண்டும். மேகசின் தரையில் விழும், மண்ணில் புதையும், மிதிபடும். தன்ஃபோலியோ மேகசினும் சி.இசட் மேகசினும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் ஒன்று மற்றதில் பூட்டும் என்று நம்பி வாங்காதீர்கள். இத்தாலியின் மெக்-கார் பல கம்பெனிகளின் துப்பாக்கிகளுக்கும் மேகசின் செய்கிறது. பல நேரம் ஒரிஜினலை விட மலிவாகவும் கிடைக்கும். ஒவ்வொரு மேகசினிலும் எண் எழுதி ஒட்டுங்கள். துப்பாக்கி சிக்கினால், பாதி நேரம் குற்றவாளி ஒரே எண்ணுள்ள மேகசினாக இருக்கும்.

உதிரிப் பெட்டியில் வைக்க வேண்டியவை, சி.இசட் வகையை மனதில் வைத்துச் சொல்கிறேன்: ஸ்லைடு ஸ்டாப் ஒன்று, ட்ரிகர் ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு, ரீகாயில் ஸ்பிரிங் ஒன்று, எக்ஸ்ட்ராக்டர் (வெற்றுக்கூட்டை இழுத்து வெளியே எடுக்கும் கொக்கி) ஒன்று. ஸ்லைடு ஸ்டாப்பும் ட்ரிகர் ஸ்பிரிங்கும் இந்தக் குடும்பத்தில் உடைவதற்குப் பேர்போனவை. அதுவும் போட்டி நடுவேதான் உடையும். ரீகாயில் ஸ்பிரிங்கை 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றினால் பிரேம் அடிவாங்காது. காலித் துப்பாக்கிப் பயிற்சியை நிறையச் செய்பவர்கள் டம்மி தோட்டா போட்டே செய்யுங்கள், இல்லையென்றால் ஊசியைப் பிடித்திருக்கும் குறுக்கு ஆணி பழைய மாடல்களில் ஒடிந்துபோகும்.

9. தோட்டாவோடு ஒத்துப்போகிறதா?

மைனருக்கு பவர் ஃபேக்டர் 125 வேண்டும். குண்டின் எடையை கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் பெருக்கி 1,000-ஆல் வகுப்பது கணக்கு. 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2. விளிம்பில் நிற்கும் தோட்டாவோடு போகாதீர்கள். குளிரான காலையில் வேகம் குறைந்து 125-க்குக் கீழே போனால் உங்கள் மதிப்பெண் கணக்கிலேயே சேராது.

சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. சி.இசட் குழலின் உள்ளே குண்டைச் சுழற்றும் வரிகள் சீக்கிரம் தொடங்கிவிடும். மற்ற துப்பாக்கியில் தாராளமாகப் போகும் நீளம் இதில் முட்டும். குழலைக் கழற்றிக் கையில் வைத்துத் தோட்டாவை உள்ளே போடுங்கள். 'டொக்'கென்று விழ வேண்டும், தானாகச் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் குட்டையாக உட்கார வைக்க வேண்டும், ஆனால் மருந்துக் கணக்கையும் கூடவே திரும்பப் பார்க்காமல் குறைக்காதீர்கள். குண்டு உள்ளே போகப் போக அழுத்தம் ஏறும்.

ஹேமர் ஸ்பிரிங்கை மெலிதாக்கிய துப்பாக்கி கடினமான பிரைமர்களை (ஊசி குத்தும்போது தீப்பற்றும் தோட்டாவின் அடிமூடி) வெடிக்க வைக்காது. கடையில் கிடைக்கும் எல்லா வகைத் தோட்டாவிலும் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, நம்பிக்கையானதையே தொடர்ந்து வாங்குங்கள்.

10. முதல் போட்டிக்கு முந்தைய நான்கு வாரம்

ஹோல்ஸ்டரை மாட்டி கண்ணாடி முன் நில்லுங்கள். புரொடக்‌ஷனில் துப்பாக்கியும் மேகசின் பைகளும் பெல்ட்டின் உட்பக்கத்திலிருந்து 50 மி.மீக்கு மேல் தள்ளி நிற்கக் கூடாது. ஒரு ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள்.

ஷாடோ வகையில் ஹேமரை இறக்கும் லீவர் கிடையாது. தோட்டா அறையில் இருக்கும்போது ஹேமரைக் கையால் கீழே இறக்க வேண்டும். அதுவும் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் இறக்க வேண்டும். புதியவர்களுக்கு இந்த விளையாட்டிலேயே ஆபத்தான நொடி இதுதான். குழல் குறித்திசையில், தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். இடது கைப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு ஹேமரைக் கிள்ளிப் பிடியுங்கள். ட்ரிகரை அழுத்தியபடியே ஹேமரை மெல்ல முழுவதும் இறக்குங்கள், பிறகு ட்ரிகரை விட்டுவிடுங்கள். வழுக்கி ஒரு தோட்டா வெடித்தால் அன்றைய போட்டி அத்துடன் முடிந்தது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். காலித் துப்பாக்கியில் தினம் ஐம்பது முறை என்று இரண்டு வாரம் செய்யுங்கள். பயமாக இருந்தால் டீகாக்கர் (ஹேமரை இறக்கும் அந்த லீவர்) உள்ள மாடலையோ ஸ்டிரைக்கர் வகையையோ முதலிலேயே தேர்ந்தெடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

புதிய துப்பாக்கி என்றால் போட்டிக்கு முன் ஐந்நூறு தோட்டாவாவது ஓடியிருக்கட்டும். சிக்கல் இருந்தால் அதற்குள் தலைகாட்டிவிடும், வாரண்டியும் கையில் இருக்கும்.

விமானத்தில் போக வேண்டிய போட்டி என்றால் உரிமத்தின் நகல்கள், போட்டி அழைப்புக் கடிதம், பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டி எல்லாம் வேண்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலை அச்சிட்டுக் கொண்டு போங்கள். ஒரு பயணிக்கு 5 கிலோ தோட்டாதான் அனுமதி. 9 மி.மீயில் பெட்டியோடு சேர்த்து எடை போட்டால் அது 400-க்குள்தான் வரும். பெரிய போட்டியில் 300-க்கு மேல் செலவாகலாம் என்பதால், அங்கே போய்ப் பயிற்சிக்கென்று சுட அதிகம் மிஞ்சாது. போகும் ஊரிலேயே தோட்டா வாங்க முடியுமா என்று போட்டி நடத்துபவர்களிடம் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.